மூன்று கூடங்கள் மூடிய பிறகு: அமெரிக்காவில் குதிரை வெட்டு – ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவில் குதிரைகளை இறைச்சிக்காக வெட்டிய கடைசி மூன்று கூடங்களும் (டெக்சஸில் இரண்டு, இல்லினாயில் ஒன்று) 2007இல் சில மாத இடைவெளியில் மூடப்பட்டன. குதிரைகளைக் காப்பாற்ற நினைத்தவர்கள்தான் மூட வைத்தார்கள். மூன்று ஆண்டு கழித்து எண்ணிப் பார்த்தபோது, வெட்டுக்குப் போன அமெரிக்கக் குதிரைகளின் எண்ணிக்கை அசையவே இல்லை. அவை சாகும் நாடுதான் மாறியிருந்தது. பிறகு, யாரும் எதிர்பாராத திசையிலிருந்து அந்த எண்ணிக்கை இறங்கத் தொடங்கியது. நடந்ததை வரிசையாகப் பதிவு செய்வதே இந்த ஆய்வின் வேலை. மேயர், வியாபாரி, நீதிபதி, அதிகாரி என்று பலர் வருவார்கள். அவர்கள் இருந்த பொறுப்பே போதும் என்பதால் பெயர்களைப் பெரும்பாலும் தவிர்த்திருக்கிறேன்.

பின்னணி: தின்னாத நாட்டில் வெட்டு எப்படி வந்தது

1915 வாக்கில் அமெரிக்காவில் குதிரையும் கோவேறு கழுதையுமாக ஏறக்குறைய 2.6 கோடி இருந்தன. டிராக்டரும் லாரியும் வந்த பிறகு அவ்வளவுக்கும் வேலை இல்லை. 1960ஐ ஒட்டிப் பார்த்தால் முப்பது லட்சத்துக்குப் பக்கத்தில்தான் மிச்சம். இடைப்பட்ட காலத்தில் கணிசமானவை டப்பாக்களுக்குள் போயின. 1920களில் இல்லினாய் மாநிலத்தின் ராக்ஃபோர்டில் குதிரை இறைச்சியை அடைத்து நாய்த் தீனியாக விற்கும் தொழில் தொடங்கி, விரைவில் பெரிதாக வளர்ந்தது.

அதன்பின் குதிரை ஏருக்கும் வண்டிக்கும் ஆன பிராணியாக இல்லாமல், பந்தயத்துக்கும் சவாரிக்கும் ஆன பிராணியாக மாறியது. எண்ணிக்கையும் மீண்டும் ஏறியது. 2005இல் குதிரைத் துறை அமைப்பு ஒன்று செய்த மதிப்பீட்டின்படி 92 லட்சம். அமெரிக்கர்கள் குதிரை இறைச்சி தின்பதில்லை, அதற்காக வளர்ப்பதும் இல்லை. ஆனால் பிரான்சில் 1866 முதல் குதிரை இறைச்சி விற்பனை சட்டபூர்வமானது. பெல்ஜியம், இத்தாலி, சுவிட்சர்லாந்து, ஜப்பான் ஆகிய நாடுகளிலும் அது வழக்கமான உணவு. அமெரிக்காவில் வேண்டாத குதிரை, அங்கே விலை கொடுத்து வாங்கும் இறைச்சி. கடைசி மூன்று கூடங்களையும் நடத்தியவை ஐரோப்பிய முதலாளிகளின் நிறுவனங்கள்தாம்.

குதிரை அங்கே போய்ச் சேரும் வழியையும் சொல்ல வேண்டும், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் புரியும். பந்தயத்தில் தோற்ற குதிரை, கால் நொண்டிய குதிரை, முரட்டுக் குதிரை, வயதானது, அல்லது ஒரு குறையும் இல்லாமல் உரிமையாளரின் வேலை போனதால் பாரமாகிவிட்ட குதிரை. இவை ஏலக் கொட்டகைக்கு வரும். பென்சில்வேனியாவின் நியூ ஹாலந்து, ஒகாயோவின் ஷுகர்கிரீக், இந்தியானாவின் ஷிப்ஷிவானா ஆகிய ஊர்களின் ஏலங்கள் இதற்குப் பேர் போனவை. சவாரிக்கு வாங்குகிறவர்கள் குதிரையைப் பார்த்து விலை சொல்வார்கள். ‘கில் பையர்’ எடையைப் பார்த்து விலை சொல்வார். நம் பேச்சில் சொன்னால் அடிமாட்டு வியாபாரி. கூடத்தோடு அவருக்கு ஒப்பந்தம் உண்டு. வாரத்துக்கு இத்தனை தலை என்று நிரப்பியாக வேண்டும். நாம் ‘அடிமாட்டு விலை’ என்று கேலியாகச் சொல்வது அந்தச் சந்தையில் நிஜமான ஒரு விலை. ஏலத்தில் எந்தக் குதிரைக்கும் அதற்குக் கீழே விலை போகாது. இந்தத் தரைவிலையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதுதான் உடைகிறது.

எண்ணிக்கைக்கு வருவோம். 1989, 1990 ஆண்டுகளில் அமெரிக்கக் கூடங்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்றரை லட்சம் குதிரைகள் வெட்டப்பட்டன. 2002இல் அது 42,000 ஆகிவிட்டது. ஆனால் இந்தப் பதின்மூன்று ஆண்டில் நாடு தழுவிய தடை ஏதும் இல்லை! 1980களில் வரிச்சலுகையை நம்பிக் குதிரை வளர்த்தவர்கள் ஏராளம். 1986இல் வரிச்சட்டம் மாறியதும் அரேபியக் குதிரைச் சந்தை சரிந்தது, வேண்டாத குதிரைகள் ஏலத்துக்கு வந்து குவிந்தன. அந்த அலை வடிந்ததும் வெட்டும் வடிந்தது. 2002இன் பள்ளத்துக்கு இன்னொரு சாதாரணக் காரணமும் உண்டு: அந்த ஆண்டு ஈஸ்டர் சமயத்தில் இல்லினாய் மாநிலத்தின் டிகால்ப் நகரக் கூடம் தீயில் எரிந்துபோனது. 2004இல் திரும்பக் கட்டித் திறந்தார்கள். 2006இல் எண்ணிக்கை 1,05,000ஐ ஒட்டி ஏறியிருந்தது. தடை கேட்டுப் போராடியவர்களும் எதிர்த்தவர்களும் இந்த வரைபடத்தை இன்னும் கொஞ்சம் நேரம் உற்றுப் பார்த்திருக்கலாம் என்பது என் எண்ணம். எண்ணிக்கை எட்டில் ஒரு பங்காகச் சுருங்கியதற்கு எந்தச் சட்டமும் காரணமில்லை. எத்தனை குதிரைகள் பிறந்தன, யாருக்கு அவை பாரமாயின என்பதே அதைத் தீர்மானித்தது.

கவனிக்கப்பட்டவை: 1996 முதல் 2005 வரை

முதலில் கண்ணில் பட்டது கூடமில்லை, லாரி. மாடு, பன்றி ஏற்றும் இரட்டைத் தட்டு லாரிகளில் குதிரைகளை ஏற்றினார்கள். தலை நிமிர்ந்து நிற்க அவற்றில் உயரம் போதாது. 1996ஆம் ஆண்டுப் பண்ணைச் சட்டத்தில் வெட்டுக்குப் போகும் குதிரைகளின் போக்குவரத்தை நெறிப்படுத்தும் அதிகாரம் வேளாண் துறைக்குக் கிடைத்தது. விதிகள் எழுதி நடைமுறைக்கு வர 2002 ஆனது. ஏற்றுவதற்கு முன் ஆறு மணி நேரம் தீனி, தண்ணீர், ஓய்வு. 28 மணி நேரத்துக்கு மேல் இறக்காமல் ஓட்டக் கூடாது. நான்கு காலிலும் எடை தாங்கி நிற்க முடியாதவை, இரு கண்ணும் தெரியாதவை, ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டிகள், வழியிலேயே ஈன்றுவிடக் கூடியவை ஏற்றப்படக் கூடாது. இரட்டைத் தட்டு லாரிகளுக்கு 2006 டிசம்பர் வரை அவகாசம் கொடுத்தார்கள். ஒவ்வொரு குதிரைக்கும் உரிமையாளர் அல்லது ஏற்றி அனுப்புபவர் கையெழுத்திட்ட சான்றிதழ் வேண்டும்.

விதியில் ஓர் ஓட்டை இருந்தது. கூடத்துக்கு நேராகப் போகும் பயணத்துக்கு மட்டுமே அது பொருந்தும். நடுவில் ஒரு பட்டியில் இறக்கி ஏற்றினால் முதல் பாதிப் பயணம் விதிக்கு வெளியே போய்விடும். வியாபாரிகள் இதைக் கண்டுபிடிக்க நாளாகவில்லை.

1998இல் கால்நடை நடத்தை வல்லுநர் டெம்பிள் கிராண்டின் தலைமையிலான குழு டெக்சஸ் கூடங்களில் 63 லாரிகளிலிருந்து இறங்கிய 1,008 குதிரைகளைப் பார்த்துப் பதிவு செய்தது. 7.7 சதவீதக் குதிரைகளுக்குக் கடுமையான நலக்குறைவு. அதில் பெரும்பகுதி லாரியில் வந்ததில்லை, உரிமையாளரின் வீட்டிலேயே வந்தது: தீனி இல்லாமல் எலும்பும் தோலுமானவை, குளம்பு அழற்சியில் விட்டுவிடப்பட்டவை. இந்த ஆய்வுக்கு நேர்ந்த கதி வேடிக்கையானது. தொழிலை ஆதரித்தவர்கள் 7.7ஐப் பிடித்துக்கொண்டு, உரிமையாளர்கள் கைவிடுகிறார்கள், கூடம் தேவை என்றார்கள். எதிர்த்தவர்கள் அதையே திருப்பிப் போட்டு, 92.3 சதவீதம் நல்ல நிலையில் இருந்த குதிரைகளை வெட்டுகிறார்கள் என்றார்கள். ஒரே காகிதத்தின் இரண்டு பக்கத்தை வைத்துப் பத்தாண்டு சண்டை ஓடியது.

இரண்டாவதாகக் கண்ணில் பட்டது, மூக்கில் பட்டது என்றே சொல்லலாம், காஃப்மன். டாலஸுக்குத் தென்கிழக்கே சுமார் முப்பது மைலில் ஏழாயிரம் பேர் வாழ்ந்த சிற்றூர் அது. கூடத்தை ஒட்டி ஏழைக் கறுப்பினக் குடும்பங்களின் வீடுகள். நாற்றம், நாய்கள் இழுத்து வரும் எலும்பு, கழிவுநீர்க் குழாயில் இரத்தம். ஊரின் சுத்திகரிப்பு நிலையத்தால் அந்த இரத்தத்தைச் சமாளிக்க முடியவில்லை. நகராட்சி கழிவுநீர் மீறலுக்காக 29 குற்றச்சாட்டு நோட்டீஸ்கள் கொடுத்தது. கூடத்தார் 29க்கும் தனித்தனியாக ஜூரி விசாரணை கேட்டார்கள். அந்தச் சிறு நகராட்சியின் வழக்குச் செலவு எங்கே போகும் என்று மேயருக்கு உடனே புரிந்தது. 2005 ஆகஸ்டில் நகர வாரியம் கூடத்தை மூடும்படி தீர்மானித்தது. கூடத்தார் நீதிமன்றம் போனார்கள், கூடம் தொடர்ந்து ஓடியது.

காஃப்மன் மேயரின் வாதத்தில் ஒரு சிறப்பு உண்டு. அவர் குதிரையைப் பற்றிப் பேசியதைவிடக் குழாயைப் பற்றி அதிகம் பேசினார். குதிரை புனிதமா, மாட்டுக்கு ஒரு நியாயம் குதிரைக்கு ஒரு நியாயமா என்ற முடிவில்லாத விவாதத்துக்குள் மாட்டாமல், இந்த ஊருக்கு இதனால் என்ன வரவு, என்ன செலவு என்று கேட்டார். கூடத்தை ஒரு ஊரிலிருந்து நீக்க அந்த வாதம் போதுமானது. குதிரைக்கு அது எதையும் உறுதி செய்யவில்லை. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்ததுதான் பிறகு நடந்ததற்கெல்லாம் வேர் என்று எனக்குப் படுகிறது.

எடுத்த முடிவுகள், அவற்றின் காரணம்

மூன்று தளத்தில் முடிவெடுத்தார்கள். ஒன்றோடு ஒன்று பேசி வைத்தவை இல்லை.

நாடாளுமன்றத்தில் குதிரை வெட்டை நேரடியாகத் தடை செய்யும் மசோதாக்கள் பலமுறை வந்து நின்றுபோயின. கால்நடை மருத்துவர் சங்கமும் குதிரை மருத்துவர் சங்கமும் தடையை எதிர்த்தன. வேண்டாத குதிரைகளுக்கு வேறு ஏற்பாடு இல்லாமல் கதவை மூடினால் அவை பட்டினியில் சாகும் என்பது அவர்களின் காரணம். அதனால் தடையின் ஆதரவாளர்கள் சுற்றுவழியைப் பிடித்தார்கள். அமெரிக்காவில் உயிரோடு இருக்கும்போதே கூட்டாட்சி ஆய்வாளர் பார்த்துச் சரி சொல்லாத விலங்கின் இறைச்சியை மனித உணவாக ஏற்றுமதி செய்ய முடியாது. அந்த ஆய்வுக்குச் சம்பளம் கொடுக்காவிட்டால் கூடம் தானாக நிற்கும். 2005 ஜூனில் கீழவை 269–158 என்றும் செப்டம்பரில் மேலவை 69–28 என்றும் வாக்களித்து, 2006 நிதியாண்டு வேளாண் செலவுச் சட்டத்தில் ஆய்வுக்குப் பணம் இல்லை என்ற வாசகத்தைச் சேர்த்தன. 2006 மார்ச்சில் நடைமுறைக்கு வர வேண்டும்.

வேளாண் துறை அதிகாரிகள் அந்த வாசகத்தை வார்த்தை வார்த்தையாகப் படித்தார்கள். ஆய்வுக்கு அரசுப் பணம் கூடாது என்றுதான் இருக்கிறது, ஆய்வே கூடாது என்று இல்லை. கூடத்தாரே கட்டணம் கட்டினால்? 2006 பிப்ரவரியில் கட்டண ஆய்வு முறையைக் கொண்டுவந்தார்கள். அந்த ஆண்டுதான் 1,05,000 குதிரைகள் வெட்டப்பட்டன. 2007 மார்ச் இறுதியில் வாஷிங்டன் கூட்டாட்சி நீதிமன்றம் கட்டண முறையைச் செல்லாது என்றது. அதற்குச் சொன்ன காரணமும் குதிரை இல்லை. சுற்றுச்சூழல் ஆய்வு செய்யாமல் விதி போட்டது தவறு என்பதே காரணம்.

டெக்சஸில் 1949ஆம் ஆண்டின் ஒரு சட்டம் தூங்கிக்கொண்டிருந்தது. மனிதர் தின்பதற்காகக் குதிரை இறைச்சியை விற்கவோ விற்பனைக்கு வைத்திருக்கவோ கூடாது என்பது அது. 2002இல் மாநிலத் தலைமை வழக்கறிஞர் அது இன்னும் உயிரோடுதான் இருக்கிறது என்று கருத்துச் சொன்னார். கூடத்தார் வழக்குப் போட்டுக் கீழ் நீதிமன்றத்தில் வென்றார்கள். 2007 ஜனவரியில் ஐந்தாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருப்பியது. திரைப்படத்தில் வரும் கௌபாய் தன் குதிரையைத் தின்றதாக நினைவில்லை என்ற ரீதியில் தொடங்குகிறது தீர்ப்பு. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வழக்கின் தலைப்பு. முதல் வாதியாக நின்றது மெக்சிகோவின் ஃப்ரெஸ்னியோ நகரத்து இறைச்சி நிறுவனம். எல்லைக்கு அப்பால் கூடம் தயாராக இருக்கிறது என்பதை வழக்கின் பெயரே சொல்லிக்கொண்டிருந்தது.

இல்லினாயில் மாநிலச் சட்டமன்றம் 2007 மேயில் தடை போட்டது. டிகால்ப் கூடம் மேல்முறையீடு செய்து செப்டம்பரில் தோற்றது. அந்தத் தீர்ப்புக்குள் ஒரு புகைப்படம் இருக்கிறது: விலங்குக் காட்சியகச் சிங்கம் ஒன்று, குதிரை இறைச்சியால் செய்த பிறந்தநாள் கேக்கோடு. அமெரிக்கச் சிங்கங்கள் தின்னலாம், ஐரோப்பியர்கள் தின்னக் கூடாது என்பதில் உள்ள விசித்திரத்தை அந்தப் படம் காட்டுகிறது. ஆனால் மாநிலத்துக்கு அப்படி முடிவெடுக்க உரிமை உண்டு என்று நீதிபதி எழுதி முடித்தார்.

இப்படியாக 2007க்குள் மூன்றும் மூடின. எந்தத் தளத்திலும் ஒரு முடிவு மட்டும் எடுக்கப்படவில்லை. உயிருள்ள குதிரையை வெட்டுக்காக ஏற்றுமதி செய்வதைத் தடுக்கும் முடிவு அது. அந்தத் தடையையும் சேர்த்துக் கேட்ட மசோதா 2006 செப்டம்பரில் கீழவையில் 263–146 என்று நிறைவேறி, மேலவையில் தேங்கிப்போனது. ஒரு கதவை மூடும் சட்டம் நிறைவேறி, மற்றக் கதவை மூடும் சட்டம் நிறைவேறாமல் போனால் என்ன ஆகும் என்று யாரும் கணக்கிட்டதாகத் தெரியவில்லை.

பின்னர் நடந்தது: 2007 முதல் 2010 வரை

அடிமாட்டு வியாபாரி தொழிலை விடவில்லை, ஒப்பந்தத்தை மாற்றிக்கொண்டார். அதே ஏலம், அதே லாரி, கூடுதல் டீசல். தெற்கே எல் பாசோ, பிரெசிடியோ, ஈகிள் பாஸ் வழியாக மெக்சிகோ. வடக்கே ஆல்பர்ட்டா, கியூபெக். அமெரிக்க வேளாண் துறையின் கை எல்லையோடு முடிந்துவிடும். மெக்சிகோவில் ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்யும் கூட்டாட்சிக் கூடங்கள் ஒரு ரகம், நகராட்சிக் கூடங்கள் இன்னொரு ரகம். 2007இல் ஹுவாரெஸ் நகரக் கூடத்திலிருந்து வெளிவந்த செய்திகளில் குதிரையின் பிடரியில் கத்தியால் திரும்பத் திரும்பக் குத்தி விழவைக்கும் முறை பதிவானது. டெக்சஸ் கூடத்தில் நெற்றியில் ஆணி பாய்ச்சி நினைவிழக்கச் செய்யும் போல்ட் துப்பாக்கியும் தலைக்கு மேல் நிற்கும் அரசு ஆய்வாளரும் இருந்தார்கள். போராடியவர்கள் தங்கள் நாட்டிலிருந்து நீக்கியது இந்த இரண்டையும்தான் என்று எதிர்த்தரப்பு சொன்னதை அலட்சியமாகத் தள்ள முடியாது.

எல்லையில் மெக்சிகோ மருத்துவர்கள் சில குதிரைகளை வேண்டாம் என்று திருப்பினார்கள். திருப்பிய குதிரையை நூற்றுக்கணக்கான மைல் திரும்ப ஓட்டிப் போக வியாபாரிக்கு ஒரு காரணமும் இல்லை. அவற்றில் சில எல்லைப் பாலைவனத்திலேயே விடப்பட்டன.

உள்ளூரில் தரைவிலை உடைந்தது. கூடம் அருகில் இருந்தவரை ஏலத்தில் மோசமான குதிரைக்கும் சில நூறு டாலர் கிடைக்கும். இப்போது தூரத்து லாரிச் செலவைக் கழித்துக்கொண்டுதான் வியாபாரி விலை சொல்வார். நொண்டிக் குதிரையைக் கொண்டுபோனவர் விற்பனைக் கட்டணம் கட்டக்கூடக் காசு தேறாமல் திரும்பினார். மறுபக்கம், மருத்துவரைக் கூப்பிட்டு ஊசி போட்டுக் கொல்லவும் அரை டன் உடலைப் புதைக்கவும் சில நூறு டாலர் ஆகும். அந்த ஊசி மருந்து ஏறிய உடலைத் திறந்தவெளியில் போட்டால் அதைத் தின்னும் கழுகும் சாகும். 2008இல் பொருளாதாரச் சரிவு வேறு வந்து சேர்ந்தது. குதிரை வைத்திருந்த நடுத்தரக் குடும்பங்களுக்கு வைக்கோல் விலை, வீட்டுக் கடன், வேலையிழப்பு எல்லாம் ஒரே சமயத்தில்.

தணிக்கை: 2011 ஜூன்

நாடாளுமன்றத்துக்காகத் தணிக்கை செய்யும் அமைப்பு, நம் சிஏஜி போன்றது, 2011 ஜூனில் அறிக்கை கொடுத்தது. இந்த நிகழ்வில் நான் பார்த்த மிக நிதானமான ஆவணம் அதுதான்.

2006இலிருந்து 2010க்குள் வெட்டுக்கான குதிரை ஏற்றுமதி கனடாவுக்கு 148 சதவீதமும் மெக்சிகோவுக்கு 660 சதவீதமும் கூடியிருந்தது. 2010இல் இரு நாடுகளுக்கும் போனவை 1,38,000க்குச் சற்றுக் குறைவு. உள்நாட்டு வெட்டையும் அப்போதைய ஏற்றுமதியையும் கூட்டினால் 2006இலும் கிட்டத்தட்ட அதே தொகைதான் வருகிறது. பயணத் தூரம் சராசரியாக 550 மைலிலிருந்து 753 மைலுக்கு நீண்டிருந்தது. விலை மலிந்த, நடுத்தர விலைக் குதிரைகள் கூடங்கள் மூடியதால் 8 முதல் 21 சதவீதம் விலை இழந்தன. பொருளாதாரச் சரிவு தனியாக 4 முதல் 5 சதவீதம் இழுத்தது. விலை உயர்ந்த குதிரைகளைக் கூடங்களின் மூடல் தொடவே இல்லை. கொலராடோவில் குதிரைகளைப் பட்டினி போட்டது, வதைத்தது குறித்த விசாரணைகள் 2005இல் 975, 2009இல் 1,588.

வேளாண் துறையில் இந்தப் போக்குவரத்து விதிகளைக் கவனிக்க நாடு முழுவதற்கும் இருந்தவர்கள் இரண்டே பேர். எல்லையில் இருந்து திரும்பி வர வேண்டிய சான்றிதழ்களில் பலவற்றில் முக்கியமான கட்டங்கள் காலியாகக் கிடந்தன. குதிரை ஏறியது தெரியும், எப்போது எந்த நிலையில் இறங்கியது தெரியாது.

தணிக்கையாளர்கள் நாடாளுமன்றத்துக்கு இரண்டு வழி சொன்னார்கள். ஒன்று, ஆய்வுப் பணத்தின் மீதான தடையை மறுபடி யோசியுங்கள். இல்லாவிட்டால், உள்நாட்டு வெட்டையும் வெட்டுக்கான ஏற்றுமதியையும் சேர்த்து வெளிப்படையாகத் தடை செய்யுங்கள். பாதி மூடிய கதவுதான் சிக்கல் என்பது இதன் பொருள். செப்டம்பரில் வேளாண் துறை தன் பங்குக்குப் போக்குவரத்து விதியின் ஓட்டையை அடைத்தது. இடைப்பட்டிக்குப் போகும் பயணமும் இனி விதிக்குள் வரும்.

இரண்டாவது திருப்பம்: 2011 முதல் 2014 வரை

2011 நவம்பரில் நாடாளுமன்றம் முதல் வழியைப் பிடித்துத் தடையைச் செலவுச் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டது. நியூ மெக்சிகோ, அயோவா, மிசௌரி மாநிலங்களில் மூன்று சிறு முதலாளிகள் கூடம் திறக்க மனுப் போட்டார்கள். 2013இல் ஆய்வாளர்களைத் தர வேளாண் துறை ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் கூட்டாட்சி நீதிபதி ஒருவர் இடைக்காலத் தடை போட்டார், நவம்பரில் விலக்கினார், மேல் நீதிமன்றம் மறுபடி நிறுத்தியது. அயோவாக்காரர் காத்திருந்து சலித்து மாட்டிறைச்சிக்கு மாறிவிட்டார். 2014 ஜனவரியில் பணத் தடை திரும்ப வந்தது. ஒரு குதிரைகூட வெட்டப்படாமல் அந்த அத்தியாயம் முடிந்தது. இந்த இரண்டாண்டுச் சண்டைக்குச் செலவான உழைப்பில் பாதியை ஏற்றுமதிப் பக்கம் திருப்பியிருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஏனெனில் 2012இல்தான் ஏற்றுமதி உச்சத்தில் இருந்தது: 1,60,000க்கு மேல்.

எண்ணிக்கை இறங்கிய விதம்

2012க்குப் பிறகு எண் விழத் தொடங்கியது. 2018இல் எண்பதாயிரத்தை ஒட்டி. 2020களின் தொடக்கத்தில் இருபதாயிரத்துச் சொச்சம். அமெரிக்க நாடாளுமன்றம் ஏற்றுமதியைத் தடை செய்யவில்லை. ஏற்றுமதியையும் தடுக்கும் மசோதா அவைக்கு வருவதும் முடங்குவதுமாகவே இருந்தது. அப்படியானால் யார் இறக்கினார்கள்?

பெரும்பங்கு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரிகளுக்கு. அமெரிக்காவில் குதிரை உணவு விலங்கு இல்லை என்பதால் அதற்குப் போடும் மருந்துக்குக் கணக்கே கிடையாது. ‘பியூட்’ என்று கொட்டகையில் சொல்லும் ஃபினைல்பியூட்டசோன் வலி மருந்தைப் பந்தயக் குதிரைகளுக்கும் சவாரிக் குதிரைகளுக்கும் சர்வ சாதாரணமாகக் கொடுப்பார்கள். மனிதர் தின்னும் விலங்குக்கு அது கூடவே கூடாது. 2010 ஜூலை இறுதி முதல் கனடா ஒவ்வொரு குதிரைக்கும் ஆறு மாத மருந்து வரலாற்றுக் காகிதம் கேட்டது. முந்தைய வாரம் ஏலத்தில் வாங்கிய வியாபாரி அந்த ஆறு மாதத்துக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார், அது வேறு கதை. 2013இல் மாட்டிறைச்சி என்று விற்றவற்றில் குதிரை இறைச்சி கண்டுபிடிக்கப்பட்டு ஐரோப்பா கொந்தளித்தது. 2014இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் தணிக்கைக் குழு மெக்சிகோவுக்குப் போய், இந்தக் காகிதங்களை நம்ப முடியாது என்று எழுதியது. 2015 ஜனவரி முதல் மெக்சிகோ குதிரை இறைச்சிக்கு ஐரோப்பா கதவடைத்தது. 2017 முதல் கனடாவுக்கும் நிபந்தனை: அமெரிக்கக் குதிரை கனடாவில் ஆறு மாதம் இருந்த பிறகே வெட்டலாம். ஆறு மாதம் தீனி போட்டு வெட்டினால் அடிமாட்டு விலையில் வாங்கிய லாபம் எங்கே மிஞ்சும்?

இன்னொரு பங்கு பிறப்புக்கு. வட அமெரிக்காவில் பதிவான தரோபிரெட் இனப் பந்தயக் குட்டிகள் 2005இல் 38,000. 2020களில் இருபதாயிரத்துக்கும் கீழே. பொருளாதாரச் சரிவில் இனப்பெருக்கத்தை நிறுத்தியவர்கள் திரும்ப அந்த அளவுக்குத் தொடங்கவில்லை. 1990களில் நடந்த அதே வடிதல்.

இரண்டிலும் குதிரையின் மீதான பாசம் நேரடியாக வேலை செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒன்று தட்டில் விழும் இறைச்சி பற்றிய பயம், மற்றொன்று தீனிச் செலவு.

திரும்பச் செய்தால் எதை மாற்றலாம்

முதலாவதும் பெரியதும்: அளவுகோல். 2005இல் வாக்களித்தவர்களிடம் உங்கள் வெற்றியை எதை வைத்து அளப்பீர்கள் என்று கேட்டிருந்தால் ‘கூடம் மூடியதா’ என்றிருப்பார்கள். ‘எத்தனை அமெரிக்கக் குதிரைகள், எந்த நாட்டிலானாலும், வெட்டப்பட்டன’ என்று அளந்திருந்தால் ஏற்றுமதியைத் தடுக்காத சட்டத்துக்கு வாக்களிக்கத் தயங்கியிருப்பார்கள். உள்நாடு, மெக்சிகோ, கனடா என்ற மூன்று கதவில் ஒன்றை மூடும்போது மற்ற இரண்டுக்கும் ஆள் போட வேண்டும். நாடு முழுவதற்கும் இரண்டே ஊழியர்களுடன் அதைச் செய்ய முடியாது.

அடுத்தது, இறுதிச் செலவு. பத்துக் குதிரைகளை ஒரே நாளில் கூப்பிட்டு மருத்துவர் ஊசி போட்டு, புதைப்பதையோ உருக்குவதையோ மாவட்டமே ஏற்றுக்கொள்ளும் முகாம்கள் தடைக்கு முன்பே இருந்திருந்தால், நொண்டிக் குதிரையோடு ஏலத்துக்கு வந்தவருக்கு வேறு ஒரு வழி இருந்திருக்கும். மருத்துவர் சங்கங்கள் எச்சரித்தது இதைத்தான். அவர்கள் தடையை எதிர்த்ததாலேயே அந்த எச்சரிக்கையையும் சேர்த்துத் தள்ளிவிட்டார்கள்.

மூன்றாவதைத் தயக்கத்தோடுதான் சொல்கிறேன். குட்டி பிறக்கும்போதே பதிவுக் கட்டணத்தோடு ஒரு சிறு தொகையைப் பிடித்துவைத்து, அந்தக் குதிரையின் கடைசி நாளுக்கு ஒதுக்குவது. வளர்ப்போர் சங்கங்கள் ஒத்துக்கொள்ளுமா என்பது சந்தேகம். ஆனால் எண்ணிக்கையைத் தீர்மானித்ததில் பிறப்புக்கும் பெரிய பங்கு உண்டு என்பதை 1990இலிருந்து வரும் எண்கள் காட்டுகின்றன.

காஃப்மனைப் பொறுத்தவரை முடிவு சரிதான். அந்த ஊரின் குழாயில் இப்போது இரத்தம் வருவதில்லை. மேயர் கேட்டது அதுதான், கிடைத்ததும் அதுதான்.

அமெரிக்க வேளாண் துறை ஆண்டுதோறும் வெளியிடும் வெட்டுக் கணக்கில் 2008 முதல் குதிரைக்கு எண்ணே இல்லை. வெட்டுக்குப் போன அமெரிக்கக் குதிரைகளை எண்ண வேண்டுமானால் மெக்சிகோ எல்லைப் பட்டிகளின் வாரக் கணக்கையும் கனடாவின் இறக்குமதிக் கணக்கையும் எடுத்துக் கூட்ட வேண்டும். சவாரிக்கு என்றும் இனப்பெருக்கத்துக்கு என்றும் எழுதி எல்லை தாண்டியவை அந்தக் கூட்டலில் வராது.